வரதன் பாவா அடித்த குட்டிக்கரணம்

எங்கள் வரதன் பாவாவிடம் ஒரு தப்பு நடந்தால் அது எப்போதும் அடுத்தவர் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும். லுங்கியில் கட்டம் கோணினால் பாவு நூல் ஓட்டியவன் சரியில்லை. குழம்பில் உப்பு கரித்தால் தண்ணி லாரிக்காரன் சரியில்லை. மகன் வீட்டுக்கு வருவதில்லை என்றால் அவன் வேலை பார்க்கிற ஐதராபாத் சரியில்லை. முழுப்பெயர் வரதராஜன். திருத்தணியில் பொதட்டூர்பேட்டை ரோட்டில் வீடு, வீட்டுக்குப் பின்னால் லுங்கி நெய்கிற பவர்லூம் ஷெட். என் அக்கா யோகலட்சுமியைக் கட்டிய நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஷெட்டுக்குள்தான் கிடக்கிறார்கள். அவருக்கு ஒரு பக்கத் தறிகள், அக்காவுக்கு மறுபக்கம். நான் அக்காவின் தம்பி உதயா, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அக்காவைக் கொடுத்த பாவத்துக்கு இந்த மனிதரைச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

தறி ஓடுகிற ஷெட்டுக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் ஜாடைதான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். குனிந்து நூல் முடிகிறவரைக் கூப்பிட முடியாது என்பதால் முதுகில் தட்டிச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் ஓட்டு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தில் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? பாவாவுக்குக் காது போய்விட்டது. ஊருக்கே தெரிந்த அந்தச் சங்கதி அவருக்கு மட்டும் தெரியாது. நாங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறோமாம். அந்த வீட்டு டிவி தெருமுனைவரை அலறும். சத்தத்தைக் குறையுங்கள் என்றால், உன் அக்காவுக்காகத்தான் வைத்தேன் என்பார். அக்காவைக் கேட்டால், உன் பாவாவுக்காகத்தான் என்பாள். அக்கா பக்கம்தான் நியாயம் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் வண்டியில் திரும்பும்போது, கனகம்மாசத்திரத்தில் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. டீக்கடைகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்க்கிற அளவுக்கு அடித்தது. பாவா பாட்டுக்கு ராஜா மாதிரி வலது பக்கம் திருப்பினார். லாரிக்காரன் புண்ணியவான், பிரேக் போட்டான். வண்டி சரிந்ததில் அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். பாவாவோ, அவன் ஹாரனே அடிக்கவில்லை என்றே சாதித்துவந்தார். மகன் ஆனந்தன் கவலைப்பட்டு ஒரு காது மிஷின் வாங்கி அனுப்பினான். டப்பாவைப் பிரிக்காமலே பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தள்ளிவிட்டார். அதன் பிறகு அக்கா அவரிடம் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. அந்த மிஷினைக் காதில் மாட்டுங்கள் என்று மட்டும்தான் கேட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதற்கு எங்கள் வீட்டில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இந்த லட்சணத்தில்தான் அவருக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. ஒரு பொங்கலுக்கு வந்த ஆனந்தன், ரிமோட்டில் பறக்கிற ஃபோம் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து விளையாடிவிட்டு இங்கேயே விட்டுப் போனான். பாவா அதை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போக ஆரம்பித்தார். தண்ணீர் வற்றிய மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் அங்கே வந்து விமானம் விடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் மணவூர் ஜெபசீலன். ரயில்வேயில் வேலை, காலை ஆராதனை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்துவிடுவார். பொறுமைசாலி. முதலில் நேராக ஓட்டவும் வட்டம் போடவும் ஒழுங்காக இறக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், குட்டிக்கரணமெல்லாம் அப்புறம் என்றார். பாவா கேட்பாரா? நடக்கப் பழகும் முன்னே கரகம் ஆடக் கிளம்பினார்.

குட்டிக்கரணம் என்பது கேட்க எளிது. வேகம் எடுத்து, மூக்கைத் தூக்கி, வானத்தில் ஒரு முழு வட்டம் அடித்துப் பழைய இடத்துக்கே வர வேண்டும். மேலே ஏறும்போது மோட்டாருக்கு வேகம் கொடுக்க வேண்டும், உச்சியைத் தாண்டியதும் குறைக்க வேண்டும். வேகம் பற்றாவிட்டால் உச்சியில் தலைகீழாகத் தொங்கி, கல் மாதிரி விழும். அப்படி ஆகப்போவதைக் கண்ணுக்கு முந்திக் காது சொல்லிவிடும் என்பார் ஜெபசீலன், மோட்டாரின் குரல் இறங்குமாம். அதோடு, நிறைய உயரத்தில் பழகினால்தான் தப்பைத் திருத்திக்கொள்ள இடம் இருக்கும் என்றும் சொன்னார். உயரத்தில் போனால் தெருக்காரனுக்குத் தெரியாதே! அதனால் பாவா பனைமர உயரத்திலேயே கரணம் அடித்தார், அந்த உயரத்திலிருந்தே விழுந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவாவுக்குக் காற்று கோணல், பேட்டரி கோணல், கோயில் மலை மேலிருந்து பார்க்கிற ஜனங்களின் கண் கோணல். உடைந்த இறக்கைகளை ஒட்டிக்கொடுக்கிற வேலை என் கடையில் போன் ரிப்பேரைவிட அதிகமாகிவிட்டது.

ஒருநாள் ஜெபசீலன் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"அண்ணே, மேல போறப்போ மோட்டார் அழுவுது. உங்களுக்குக் கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது. சைனா மோட்டாரு, அது அப்படித்தான் அழுதுகினு இருக்கும்" என்றார் பாவா.

மாசி மாதம் அவர்கள் ஏரியில் ஒரு நாள் விழா வைப்பார்கள். அன்றைக்குக் கரணம் அடித்து, பக்கவாட்டில் ஒரு உருளல் உருண்டு, தலைகீழாக ஒரு ஓட்டம் ஓடி, கோட்டுக்குள் இறக்குகிறவரைத்தான் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தலைகீழ் ஓட்டம் இன்னும் மோசம். விமானம் கவிழ்ந்திருக்கும்போது மேலே போக வேண்டுமானால் ரிமோட் குச்சியைக் கீழே போவதற்குத் தள்ளுகிற பக்கம் தள்ள வேண்டும். பாவாவுக்கு நேராக இருக்கும்போதே தடுமாற்றம். இருந்தும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார். விழாவில் ஓட்டுகிறவர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பதால், பின்னால் ஒருவர் நின்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவர்கள் வழக்கம். பாவா அதைக் கேட்டு, தனக்குப் பின்னால் நின்று பாடம் சொல்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்றார்.

பிறந்து, கழுத்தை நீட்டி, சோறும் கட்டிக்கொண்டு அந்த ஆள் ஏரிக்கு வந்தாள். விழாவுக்கு முந்திய ஞாயிறு அது. தூக்குவாளியோடு அக்கா அவர் பின்னால் போய் நின்றபோது விமானம் கரணத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போகும்முன் அது தயங்கியது. அக்கா ஷெட்டில் செய்கிற மாதிரியே அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பாவாவின் விரல் தானாக வேகத்தைக் கூட்டியது. உச்சி தாண்டியதும் இரண்டு தட்டுத் தட்டினாள், விரல் குறைத்தது. வட்டம் அப்பளம் மாதிரி முழுசாக வந்தது. அவர் மூளையிடம் சொல்லியிருந்தால் எதிர்த்து வாதாடியிருக்கும். முதுகிடம் சொன்னதால் கேட்டுக்கொண்டது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று அக்காவைக் கேட்டேன். அதுதான் தெரிகிறதே என்றாள். அவளுக்கு மோட்டார் சத்தம் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவன்று, அவ்வளவு பேர் முன்னால், அக்கா பிளேட் வைத்த கையால் அவர் முதுகில் தட்டிக்கொண்டே நின்றாள். கரணம் சுத்தமாக வந்தது. உருளலும் வந்தது. தலைகீழ் ஓட்டத்தில் விமானம் கவிழ்ந்தபடி கோயில் மலையைப் பார்க்கப் போய்த் திரும்பியபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானே விசில் அடித்துவிட்டேன். இந்த மனிதருக்காக அடித்தேனே என்று எரிச்சலாகவும் இருந்தது. கோட்டுக்குள் இறக்கிவிட்டார், எல்லோரும் கை தட்டினார்கள்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். டீ குடிக்கும்போது ஜெபசீலன், அக்காதான் உங்களுக்கு நல்ல துணை என்று மரியாதைக்குச் சொன்னார்.

"அவளா? அவ சும்மா என் நிழலுக்கு நின்னுகினு இருந்தா" என்றார் பாவா. "என் காது பாம்புக் காதுங்க. மோட்டார் பேசறது எனக்குத் தெரியும்."

அக்கா டீயைக் குடிக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். பாவா இப்போது கூட்டத்தில் ஒருவர் அல்லவா, ஐந்தாறு தெருக்காரர்களையும் பார்க்க அழைத்து வந்திருந்தார். வழக்கம்போல் பனைமர உயரம். விமானம் வேகமெடுத்து மூக்கைத் தூக்கியது. அக்கா அவர் முதுகில் கையை வைத்திருந்தாள். அது மேலே ஏறி, உச்சிக்குப் பக்கத்தில் தயங்கியபோது, அவள் தட்டவில்லை. கையை எடுத்துவிட்டாள். அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்குகிற மாதிரி அலட்டிக்கொள்ளாமல் எடுத்தாள். விமானம் ஒரு நொடி தலைகீழாகத் தொங்கியது. பிறகு ஏரி மண்ணில் வந்து குத்தியதில் மூக்கு ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் போயின.

பாவா திரும்பினார். கூட்டம், தெருக்காரர்கள், கௌரவம் எதுவும் அவர் நினைவில் இல்லை.

"ஏன்டி தட்டல?" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நிழலுக்கு நின்றவளைப் பார்த்து ஏன் தட்டவில்லை என்று கேட்டால், கேட்டவனுக்குக் காது இல்லை என்றுதானே அர்த்தம்! யாரும் சிரிக்கவில்லை. ஜெபசீலன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்து, வெடுக்கென்று பிரித்துக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது. பிறகு பைக்குள்ளிருந்து பீரோவில் கிடந்த அந்த டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மாட்டிக்கினு வந்தா வண்டியில ஏறுவேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கேக்கட்டும்" என்றாள்.

சொல்லிவிட்டுக் கரை ஏறி ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள். நான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, நல்லா வேணும் என்று மனசார நினைத்தேன். இவ்வளவு ஆன பிறகும் பாவா, கூட்டத்தைத் தடுக்கக் கயிறு இழுத்துக் கட்டியது ஜெபசீலனின் ஆட்கள் என்றும், அதில் காற்று திரும்பியது என்றும் ஏதோ சொல்லிப் பார்த்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் என் கடைக்கு வந்தார். காதில் மிஷின் இருந்தது. வாரம் முழுக்க அதற்காகவே நான் யோசித்து வைத்திருந்த நையாண்டி எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவர் முதலில் கடை ரேடியோவைக் குறைக்கச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்போதும் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

மிஷினை மாட்டிக்கொண்டு அக்காவிடம் காட்டலாம் என்று ஷெட்டுக்குப் போயிருக்கிறார். கரண்ட் கட். ஒரு தறியும் ஓடவில்லை, ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நூல் முடிந்துகொண்டிருந்திருக்கிறாள். வாசலில் நின்று, யோகா என்று கூப்பிட்டிருக்கிறார். தன் குரலே அவருக்குப் புதுசாகக் கேட்டதாம். அவள் திரும்பவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் போய்க் கூப்பிட்டிருக்கிறார். திரும்பவில்லை. முதுகுக்கு நேர் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறார். அவள் பாட்டுக்கு நூலை முடிந்துகொண்டிருந்திருக்கிறாள். கடைசியில் முதுகில் தட்டினாராம். அப்போதுதான் திரும்பி, எப்போ வந்தீங்க என்று கேட்டாளாம்.

எனக்கு அந்த வீட்டு டிவி ஞாபகம் வந்தது. விழாவன்று டீயைக் குடிக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கண் ஞாபகம் வந்தது. தயாராக வைத்திருந்த நையாண்டியை விட்டுவிட்டு, ரேடியோவை முழுசாக அணைத்தேன்.

பாவா மிஷினைக் காதிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உதயா, அன்னிக்கு கனகம்மாசத்திரத்துல லாரிக்காரன் ஹாரன் அடிச்சான் இல்ல, பின்னால உக்காந்திருந்தாளே, உங்க அக்காவுக்காவது அது கேட்டுச்சாடா?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான் என்று அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். அக்காவிடம் அதை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.