மணையில் பதிந்த பள்ளம்

செல்லியம்மனை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களுக்கு எறையூர்ப் பக்கத்திலிருந்து தனம் எழுதிக்கொள்வது. கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

2001-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், விஜயதசமி அன்று, என் வீட்டுக்காரர் ராமலிங்கம் எங்கள் அம்பாசிடர் காருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தார். அவர்மேல் இருந்த பாரத்தைத் தூக்கக்கூடிய ஒரே பொருள் ஜாக்கி. அது உள்ளே, அம்மன் படத்துக்கு முன்னால், சந்தனப் பொட்டோடு பூஜையில் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார் என் மாமியார்.

இந்த நிலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த வண்டியை இவர் பெரம்பலூர் டவுனில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வயிறு நிறைந்ததே அதனால்தான். பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பள்ளம் மேட்டில் வண்டியைத் தாங்குவது அவைதான். கரும்பு லாரிகள் போய்ப் போய்க் குழியாகிக் கிடந்த ரோட்டில் அதில் ஒரு பட்டை முறிந்துவிட்டது. ஆயுத பூஜை சமயம், மெக்கானிக் கடைகளை மூடிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். விஜயதசமிக்கு மறுநாளே ஜெயங்கொண்டத்துக்கு ஒரு கல்யாண வீட்டாரை அழைத்துப்போக வாக்குக் கொடுத்திருந்தார்.

"பட்டை மாத்துறது என்ன பெரிய வித்தையா? நானே மாத்திடுறேன்" என்றார்.

இவருக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. சுவிட்சை ரிப்பேர் பண்ணுகிறேன் என்று தெருவுக்கே கரண்ட் போக வைத்த மனிதர். நான் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொல்லையில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பட்டை அடுக்கையும் இறக்கிவிட்டார். புதுப் பட்டையைச் சேர்த்துக் கட்டுவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

பூஜையில் எல்லா ஆயுதமும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஸ்பானர், சுத்தியல், என் அரிவாள்மணை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கினோம். அத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஜாக்கி எங்கடா? சோறு போடுற வண்டியத் தூக்குறது அது. அத வுட்டுட்டுப் பூஜையா?" என்றார். இவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வண்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, ஜாக்கியை உருவி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பொட்டு வைத்து, மணையில் அம்மன் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். பக்தியோடு செய்த காரியம்தான். அன்று இரவெல்லாம் மழை தூறியது. எங்கள் கொல்லை கரிசல் மண்.

மறுநாள் ராகு காலம் கழிந்த பிறகுதான் மறுபூஜை செய்து ஆயுதங்களை எடுப்பது என்று அத்தை சொல்லிவிட்டார். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைப் பக்கம் போனார்.

"என்னங்க, இன்னும் பூஜை எடுக்கல" என்றேன்.

"நான் எந்த ஆயுதத்தத் தொட்டேன்? பட்டை முனையில வர்ற ரப்பர் புஷ் சரியா உக்காருதான்னு கையால பாக்கப்போறேன். அவ்ளோதான்."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். கல் பொடியும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததுதான் என்னைக் கொல்லைக்கு ஓட வைத்தது.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. குனிந்து பார்த்தேன். நெஞ்சின்மேல் வண்டி உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

கத்தினேன். ஆம்பிளைகள் எல்லாம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்கம் பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் பிடித்துத் தூக்கினோம். அசையவில்லை. கோயிலுக்கு ஒருத்தி ஆள் கூப்பிட ஓடினாள். நான் ஜாக்கியை எடுக்க உள்ளே ஓடினேன்.

அத்தை வாசற்படியில் குறுக்கே நின்றார். "வேணாம் தனம். பூஜையக் கலைச்சா இருக்குற உசுரும் போயிடும். ஆம்பளைங்க வந்துடுவாங்க, தூக்கிடலாம். அத மட்டும் தொடாத."

அவர் கெட்டவர் இல்லை. வண்டிக்கு அடியில் கிடப்பது அவர் பெற்ற பிள்ளை. பயம் அப்படிப் பேச வைத்தது. அது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அவரைத் தள்ளிவிட்டுப் போனேன். ஜாக்கியைத் தூக்கும்போது, "குத்தம்னா எனக்குக் குடும்மா, அவர வுட்டுடு" என்று மட்டும் சொன்னேன்.

பஞ்சரான நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தில் ஜாக்கியை வைத்துத் திருகினேன். வண்டி ஏறுவது போல இருந்தது. ஆனால் ஏறியது வண்டி அல்ல, ஜாக்கிதான் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று சாய்ந்து வண்டி மறுபடி உட்கார்ந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அந்தச் சத்தத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

என்னால்தான் செத்தார் என்று நினைத்தேன். பூஜையில் வைத்ததை எடுத்தேன், அது என் கையாலேயே அவரை அமுக்கிவிட்டது. சேற்றில் முகம் பட விழுந்தேன். "செல்லியம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே வா. நீ வந்தாத்தான் உண்டு" என்று கதறினேன். வேறு மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

தலை நிமிர்ந்தபோது அத்தை எதிரில் நின்றார். கையில் மணை.

அம்மன் படம் வைத்திருந்த பலா மணை. அதில் குங்குமமும் உதிரிப்பூவும் அப்படியே ஒட்டியிருந்தன. ஜாக்கியைத் தொடாதே என்று என்னை மறித்த அதே அத்தை, சாமி படத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, மணையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இத அடியில போடுடி. மண்ணு தாங்காது, இது தாங்கும்."

சேற்றில் மணையைப் போட்டேன். அதன்மேல் ஜாக்கியை வைத்தேன். நான் திருகினேன், அத்தை மணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மணை கிறீச்சிட்டது. உடையவில்லை. வண்டி எழும்பியது. பெண்கள் காலைப் பிடித்து இவரை வெளியே இழுத்தார்கள். கோயிலிலிருந்து ஆள் வந்து சேர்ந்தபோது இவர் தலை என் மடியில் இருந்தது.

பெரம்பலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தது. "ஆளு வர்ற வரைக்கும் அந்த வெயிட்டுல கெடந்திருந்தா வந்திருக்கவே மாட்டாரும்மா" என்றார் டாக்டர்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அம்மனுக்கே பொய் சொன்னது போலாகும். ஆகவில்லை. இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. நாலு படி ஏறினால் மூச்சு விசிலடிக்கும். வண்டியை விற்றுவிட்டோம். இன்று சர்க்கரை ஆலை ரோட்டில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். அம்பாசிடர் போனால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

அத்தைதான் உடைந்துபோனார். "சாமியத் தரையில வச்சுட்டேனே" என்பதே பேச்சு. வாய் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர், அதைத் தானாகவே விட்டுவிட்டார். மணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மறு வருஷம் ஆயுத பூஜை வந்தது. நான் அந்த மணையை எடுத்துக் கழுவினேன். நடுவில் ஜாக்கியின் அடிப்பாகம் அமுங்கிய பள்ளம். அதற்குள் அகல் விளக்கை வைத்தேன். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்த, நாம சாமியத் தரையில வைக்கல. உங்க புள்ளைக்காக அவளே எழுந்து எடம் குடுத்திருக்கா. பாருங்க."

குனிந்து விளக்கைப் பார்த்தார். கண்ணீர் தாடையில் வழிந்தது. பிறகு தட்டில் இருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளி, வாயில் போட்டுக்கொண்டார். போன தையில் அவர் போய்ச் சேர்ந்தார். நிம்மதியாகத்தான் போனார்.

கஷ்டத்தில் இருக்கும் சொந்தங்களே, கூப்பிடுங்கள். எனக்குத் தகுதி உண்டா, இது நல்ல நேரமா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் சேற்றில் கிடந்து ராகு காலத்தில் கூப்பிட்டேன். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மணையை எடுத்துக் காட்டுகிறேன். விளக்கை நகர்த்திவிட்டு, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பாருங்கள்.