ஏழு எண்ணி முடித்தபோது

சுடர்மதிக்கு இன்னும் வயது பதினைந்துதான். அதே இரட்டைச் சடை, முகத்தைவிடப் பெரிய அதே மூக்குக் கண்ணாடி, காதில் செருகிய அதே பென்சில். போன மாதம் புத்தகக் கண்காட்சியில் என் மகளுக்காகச் சுடர்மதி வரும் அந்தக் கதை வரிசை முழுவதையும் வாங்கினேன். அட்டை புதிது, உள்ளே படங்களை மாற்றவில்லை. மகள் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் மூன்றாவதை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சுடர்மதி சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவள். கணக்கென்றால் அவளுக்கு உயிர். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சிக்கல் வரும். மாடித் தொட்டியில் தண்ணீர் எப்படிக் குறைகிறது, பக்கத்து வீட்டு நாய் எந்தத் தெருவுக்குப் போயிருக்கும் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருப்பார்கள். இவள் காதிலிருந்து பென்சிலை எடுப்பாள். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிடும்.

நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் புத்தகங்கள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அச்சாகிக்கொண்டிருந்தன. அங்கே சித்தி பைண்டிங் வேலை பார்த்தாள். மை பரவியது, பக்கம் தலைகீழாகப் போனது என்று கழித்துப் போட்டவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி எனக்குக் கொண்டுவருவாள். கழிவில் வந்த புத்தகம் முழுதாக இருக்காதே. மூன்றாவது புத்தகத்தில் கடைசிப் பகுதி சேரவே இல்லை.

அந்த மூன்றாவதில்தான் மின்னல் வரும். மழைநாளில் சுடர்மதி மொட்டை மாடியில் நின்றுகொண்டு மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குவாள், இடி கேட்டதும் நிறுத்துவாள். வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் விழுந்த இடம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். வெளிச்சம் உடனே வந்துவிடுகிறது, சத்தம்தான் பின்னால் மெதுவாக வருகிறது என்று தன் அப்பாவுக்கு விளக்குவாள். அதோடு என் பிரதி முடிந்துவிட்டது. மின்னல் எங்கே விழுந்தது, யாருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் தெரியாமலே நான் வளர்ந்தேன். போன மாதம் அடுப்படியில் நின்றபடி அந்தப் பக்கங்களைப் படித்தேன். மின்னல் ஒரு தென்னை மரத்தில் விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் சேர்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறார்கள்.

எங்கள் வீடு சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். அப்பா லாரி டிரைவர். தீபாவளிக்கு முந்தைய சீசனில் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். எதிர்வீட்டு அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனாலும் அம்மா அவளை மதினி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. அவளுடைய ஒரே மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவள், வேறொரு கம்பெனியில் பெட்டி அடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு கம்பெனிகளும் தெற்கே போகும் ஒரே ரோட்டில் இருந்தன. அம்மாவுடையது முதல் கிலோமீட்டர்க் கல்லைத் தாண்டி, எங்கள் தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில். அக்காவுடையது மூன்றாவது கல்லை ஒட்டி. சுடர்மதியைப் படிக்கத் தொடங்கியபின் இந்த மாதிரித் தூரங்களையெல்லாம் நான் மனதில் குறித்து வைத்திருந்தேன்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அத்தை வீட்டு மாடியில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். அவள் குனிந்து கையாலும் காலாலும் கிளறிக்கொண்டிருந்தாள், நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தெற்கே, கருவேல மரங்களுக்கு மேலே, ஒரு வெளிச்சம் வெட்டியது. அதன் மேல் வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

நான் எண்ண ஆரம்பித்தேன். பயம் வருவதற்கு முன்பே வாய் தானாக எண்ணியது.

"ஒன்னு, ரெண்டு, மூனு…"

"என்னத்தப் பிள்ள எண்ணுத?" என்று கேட்டுக்கொண்டே அத்தை நிமிர்ந்தாள்.

நான் ஏழு என்று முடித்தபோது சத்தம் வந்து மாடியை உலுக்கியது. கீழே பாத்திரம் உருண்டது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் கதவுகள் திறந்தன.

அத்தை புகையைப் பார்த்தாள். அதன்பின் என்னைப் பார்த்தாள். காலில் மிளகாய் ஒட்டியிருந்தது. என் தோளைப் பிடித்த பிடியில் அவள் நகம் பதிந்தது.

"எந்தக் கம்பெனி பிள்ள?"

"தெரியல அத்தை."

"எண்ணுனியே. அந்தப் புஸ்தகத்துல இருக்க மாதிரிதான எண்ணுன? சொல்லு, எங்கன இருக்கும்?"

"ஏழு வந்துச்சு. அப்படின்னா ரெண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும்."

"அது யாரு கம்பெனி?"

நான் மறுபடி மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். அம்மா கம்பெனி என்றால் நாலரையில் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அக்கா கம்பெனி என்றால் ஒன்பதில். ஏழு நட்டநடுவில் நின்றது.

"யாருக்கும் சேரல அத்தை."

அவள் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கூடத்தில் போன் இருந்தது. அக்காவின் கம்பெனிக்கு அடித்தாள். லைன் கிடைக்காமல் கொக்கொக்கென்று ஒலிதான் வந்தது. அம்மா கம்பெனிக்கு அடித்தாள், அங்கேயும் அதே ஒலி. தெருவில் பெண்கள் பெயர்களைச் சொல்லி அலறிக்கொண்டு ஓடுவது வாசல் வழியாகத் தெரிந்தது. அத்தை ரிசீவரை வைக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"நீ வெரசா எண்ணுனியா, மெதுவா எண்ணுனியா?"

அந்தக் கேள்வி எனக்கு உடனே புரிந்தது. வேகமாக எண்ணியிருந்தால் உண்மையான நேரம் ஏழைவிடக் குறைவு, அப்படியானால் அம்மா. மெதுவாக எண்ணியிருந்தால் நேரம் அதிகம், அப்படியானால் அக்கா. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத அத்தைக்கும் அது புரிந்திருந்தது என்பதை அவள் முகத்தில் பார்த்தேன்.

"தெரியல."

"இந்தா, கடியாரத்தப் பாரு. அங்கன எண்ணுன மாதிரியே இங்கன எண்ணு. கூட்டாத, கொறைக்காத. அப்படியே எண்ணு தாயி."

சுவரில் ஒரு பட்டாசுக் கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த கடிகாரம் மாட்டியிருந்தது. சிவப்பு வினாடி முள் பன்னிரண்டைத் தொட வந்துகொண்டிருந்தது. அத்தை முள்ளைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தாள்.

"ஒன்னு."

என் நாக்கு எனக்குத் தெரிந்தே இழுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அம்மா அங்கே இல்லை என்று ஆகிவிடும்.

"ரெண்டு."

அக்கா போன வாரம் எனக்குச் சடை பின்னிவிட்டது நினைவுக்கு வந்தது. வேகமாகச் சொல்லப் பார்த்தேன். உடனே சரம் பின்னுகிற அம்மாவின் விரல்கள் தெரிந்தன. மறுபடி மெதுவாகியது.

"மூனு…"

முள் போய்க்கொண்டே இருந்தது. நான் நாலு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் மிளகாய் நெடி. என் உதடு எரிந்தது.

"வேண்டாம். எண்ணாத. போதும்."

ரிசீவர் ஒயரில் தொங்கியபடி கிடக்க, நாங்கள் ரோட்டுக்கு ஓடினோம்.

ரோடு முழுக்க ஆட்கள். சைக்கிளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று தொற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. அத்தை என் கையை விடவே இல்லை. அவள் ஓடும்போது நானும் ஓடினேன், அவள் மூச்சு வாங்கி நின்றபோது நானும் நின்றேன். முதல் கல்லைத் தாண்டியதும் அம்மாவின் கம்பெனிச் சுவர் தெரிந்தது. வெள்ளையடித்த சுவர். இடியாமல் நின்றது. கேட்டுக்கு வெளியே பெண்கள் கும்பலாக நின்றார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரையும் வெளியே துரத்தியிருந்தார்கள். அம்மா செருப்பில்லாமல், கையெல்லாம் வெள்ளிப்பொடி மினுங்க, எங்களை நோக்கி வந்தாள்.

என்னைத் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் தலையில் ஒரு கையை வைத்தாள், அவ்வளவுதான். அவள் கண் அத்தை மேலேயே இருந்தது.

"மதினி, அவ?"

தெரியவில்லை என்று அத்தை தலையை ஆட்டினாள். அதுவரை என் கையைப் பிடித்திருந்தவள் அப்போதுதான் விட்டாள். அம்மா அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க. நான் வாரேன். நடங்க."

இரண்டு பேரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். ரோடு சுட்டிருக்கும், அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. நான் பின்னாலேயே போனேன். அம்மா கிடைத்துவிட்டாள். ஆனால் அம்மா கம்பெனி இல்லையென்றால் அக்கா கம்பெனி என்றுதானே கணக்கு நின்றது.

இரண்டாவது கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. புகை மூன்றாவது கல்லிலிருந்து வரவில்லை. இடது பக்கம், ஓடைக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. மொபெட்டில் அந்தப் பக்கமிருந்து திரும்பி வந்த ஒருவரை அம்மா மறித்தாள்.

"அண்ணே, எந்தக் கம்பெனி?"

"கம்பெனியே இல்லத்தா. காட்டுக்குள்ள எவனோ தகரக் கொட்டகை போட்டுக் களவா வெடி பண்ணிருக்கான். பேரு கெடையாது, போர்டு கெடையாது. உள்ள எம்புட்டுப் பேருன்னு ஒருத்தனுக்கும் தெரியல."

அத்தை ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. அக்கா வேலை பார்த்த கம்பெனியின் வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, அதன் ஜன்னல் வழியாக அக்காவே "எம்மா" என்று கத்திய பிறகும்கூட நம்பவில்லை. இறங்கி வந்தவளின் முகத்தை, கழுத்தை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதன்பின்தான் அழுதாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அம்மா இருக்கிறாள், அக்காவும் இருக்கிறாள். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நான் வேகமாகவும் எண்ணவில்லை, மெதுவாகவும் எண்ணவில்லை. ஏழு என்பது ஏழுதான். சுடர்மதி எண்ணியிருந்தாலும் ஏழுதான் வந்திருக்கும்.

"நான் சொன்னேன்ல அத்தை! ரெண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். யாருக்கும் சேரலன்னு சொன்னேன்ல!"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள்.

"வாய மூடு."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஓடைப் பக்கம் யாரோ ஒரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிப்பொடி என் கன்னத்தில் ஒட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகும் தெருவில் ஒரு பேச்சில்லை. அத்தை வீட்டுக் கூடத்தில் அம்மாவும் அத்தையும் அக்காவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் மிளகாயை அள்ள யாரும் போகவில்லை. எல்லோரும் உயிரோடு திரும்பிவிட்ட ஒரு தெரு எதற்காக இப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. என்னிடம் கணக்குக் கேட்டவர்களே அது சரியாக வந்தபின் அதைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள். நான் மூன்றாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல்படியில் போய் உட்கார்ந்தேன்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பெண் தெருவுக்குள் வந்தாள். எங்கள் ஊர் இல்லை. மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் என்னைக் கண்டதும் நின்றாள்.

"பாப்பா, வெடிச்ச எடத்துக்கு எங்கிட்டுப் போவணும்?"

"இந்த ரோட்டுலயே நேராப் போங்க. எடது பக்கம் ஓடை வரும்."

"எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

அன்றைக்கு அதை என்னிடம் ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"ரெண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும்."

"நெசமாத் தெரியுமா?"

"தெரியும். நானே எண்ணுனேன்."

அவள் என்னையே பார்த்தபடி நின்றாள். பிறகு பையை இறுக்கிக்கொண்டு, நடப்பதும் ஓடுவதுமாகத் தெற்கே போனாள். என் விடையை மெச்சித்தான் அப்படிப் பார்த்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கே யாரைத் தேடிப் போகிறாள் என்று கேட்கவேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை.