பழவேற்காடு வழியாகப் போன கடிதங்கள்

பொன்னேரி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கோட்டைக்குப்பத்திலிருந்து கன்னியப்பன் அவர்களின் மகள் செல்வி பேசினாள்.

"மேடம், நைனா போயிட்டாரு. காலைல டீ குடிச்சிட்டு சித்த நேரம் படுக்கறேன்னாரு. எழுப்பனா எழுந்துக்கல."

கத்திரிக்காயை அப்படியே விட்டுவிட்டுப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன்.

கன்னியப்பன் அவர்களைப் பஸ் நிலையத்தருகே டிபன் கடை வைத்திருந்தவர் என்றுதான் பலரும் அறிவார்கள். நான் பழவேற்காடு தபால் நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்த கன்னியப்பன் வேறு ஒருவர். அவரை அறியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பாராம். "ஊரே சிரிச்சுது மேடம். பெரிய கப்பல்ல ஏறனா ஒண்ணும் ஆவல" என்பார். சென்னைத் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனவர், ஒரு யூகோஸ்லாவியக் கப்பலில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, சில ஆண்டுகளில் சமையல்காரராக உயர்ந்தார். அங்கே எஞ்சின் பகுதியில் வேலை பார்த்த மிலன் அவருக்கு நண்பரானார். மிலன் பெல்கிரேடுக்காரர், செர்பியர். அவருடைய தங்கை வெஸ்னா, ஸ்பிளிட் என்ற துறைமுக நகரில் ஒரு குரோவேஷியரை மணந்து வாழ்ந்தார். கப்பல் ஸ்பிளிட்டில் நின்றபோதெல்லாம் கன்னியப்பன் அவர்கள் வெஸ்னா வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறை அந்த வீட்டு அடுப்பில் இறால் தொக்கு வைத்து, தெருவையே தும்ம வைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளின் நடுவில், கொதிக்கும் எண்ணெய் வலக்கையில் கொட்டிவிட, ஊர் திரும்பிக் கடை வைத்தார். அப்போதுதான் எனக்கு அறிமுகமானார். அவருக்கு வந்த ஒரு கடிதத்தின் தபால்தலையைப் பார்த்து, "எந்த நாடுண்ணா இது? இங்கிலீஷ் மாதிரியும் இருக்கு, வேற எழுத்தும் இருக்கு" என்று கேட்டேன்.

"எழுத்து ரெண்டு, நாடு ஒண்ணு மேடம்" என்றார் பெருமையாக, தம்முடைய சொந்த நாட்டைச் சொல்வதுபோல.

அந்த நாடு உருவான கதையை, மிலன் சொன்னபடி எனக்குச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காரரை எதிர்த்து மலைகளில் ஒளிந்து சண்டையிட்டவர்கள் பல இனத்தவர். போர் முடிந்ததும், ஆறு குடியரசுகளைச் சேர்த்து ஒரே சோஷலிச நாடாக்கினார்கள். தொழிற்சாலையைத் தொழிலாளர்களே நிர்வகிக்க வேண்டும் என்றார்கள். யார் எந்த மொழி, எந்தக் கோயில் என்று கேட்பது அநாகரிகமாக இருந்ததாம்.

"சண்ட வராதா?" என்று கேட்டேன்.

"நம்ம ஏரில பாடு பிரிச்சிக்கறோம் இல்ல? இன்னிக்கு இந்த ஊரு வலை, நாளைக்கு அந்த ஊரு வலைனு சீட்டு போட்டு. அப்பிடித்தான். சீட்டு போடறவரு மேல எல்லாருக்கும் நம்பிக்க இருக்கற வரைக்கும் சண்ட வராது."

அந்த நம்பிக்கை போய்விட்டது. அந்த நாட்டைக் கட்டிக் காத்த தலைவர் இறந்து பத்தாண்டு கழிந்திருந்தது, விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு குடியரசும் தனியாகப் போகிறேன் என்றது. கடை ரேடியோவில் செய்தி வரும் நேரத்தில் அவர் தோசைக்கல்லை விட்டு நகர்ந்து வந்து நிற்பார். செர்பியருக்கும் குரோவேஷியருக்கும் போர் தொடங்கிய சில வாரங்களில் மிலனிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே இன்னொரு கடிதம், அதன்மேல் ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு. தொலைபேசி இல்லை, தபால் இல்லை, தங்கைக்கு எழுதியது திரும்பி வருகிறது. உன் ஊரிலிருந்து அவளுக்குப் போகும் அல்லவா என்று கேட்டிருந்தார்.

கன்னியப்பன் அவர்கள் கவுண்டரில் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "இத வேற கவர்ல போட்டு அனுப்பலாமா மேடம்? தப்பு கிப்பு ஆயிடாதே?"

எனக்கும் பயம்தான். அன்று மதியம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நண்பனின் கடிதத்தைத் தம் உறையில் வைத்து அனுப்பக் கூடாது என்று ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

"தப்பில்லண்ணா. ஆனா யாராவது வந்து கேட்டா?"

"அண்ணன் தங்கச்சிக்கு எழுதனதுனு சொல்வேன்."

இப்படியாக, நேற்றுவரை ஒரே நாட்டுக்காரர்களாக இருந்த அண்ணனும் தங்கையும் பழவேற்காடு வழியாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு கடிதம் போய்ச் சேர ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம். வெஸ்னாவின் உறையில் புதிய நாட்டின் தபால்தலை வந்தது. "ஊரு அதே ஊரு, தெரு அதே தெரு. அந்தம்மா வீட்ட வுட்டு நகரவேயில்ல. நாடு மட்டும் இன்னாத்துக்கு மேடம் மாறிச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்?

ஒரு நாள் வந்த சீட்டைப் படித்துவிட்டு, தபால் நிலைய பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மிலனின் தாயார் இறந்துவிட்டார். தங்கைக்கு எழுதக் கை வரவில்லை, நீயே சொல்லிவிடு என்று எழுதியிருந்தார் மிலன்.

"அவரே எழுதட்டும்னு திருப்பி அனுப்பிடுங்களேன்" என்றேன்.

"திருப்பி அனுப்பனா இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் அம்மா உயிரோட கீறாங்கனு அது நெனச்சினு இருக்கும்."

"இருக்கட்டுமே. அது நல்லதுதானேண்ணா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஒருத்தன் அப்பிடிப் பண்ணா நான் மன்னிக்க மாட்டேன் மேடம்."

வெந்த வலக்கையால் எழுதுவது அவருக்குக் கடினம். நான் எழுதித் தரவா என்றதற்கு மறுத்துவிட்டார். தம் கப்பல் ஆங்கிலத்தில் நான்கே வரி எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தங்கையே, உன் அம்மா போய்விட்டார்கள். மிலன் பக்கத்தில் இருந்தான். அவனால் எழுத முடியவில்லை. நான் எழுதுகிறேன்.

பிறகு பதில் இல்லை. தினமும் தபால் பை பிரிக்கும் நேரத்துக்கு வந்து நின்றார். தாம் எழுதியது தவறோ என்று அவர் கலங்கியதை அப்போதுதான் கண்டேன். நான்காம் மாதம் வெஸ்னாவின் உறை வந்தது. அண்ணனுக்குப் பல பக்கங்கள். இவருக்கு ஒரு பக்கம். அதை எனக்குப் படித்துக் காட்டினார். இந்தக் கட்டடத்தில் பெல்கிரேடுக்காக அழ முடியாது, அதனால் கடற்கரைக்குப் போய் அழுதேன், என் கணவர் கூடவே நின்றார் என்று வெஸ்னா எழுதியிருந்தார்.

போர் ஓய்ந்தது. அவர்களுக்குள் நேரடித் தபாலும் பிறகு தொலைபேசியும் வந்தன. இவருக்கு வரும் உறைகள் குறைந்தன. வருத்தமா என்று கேட்டேன். "நம்ம கிட்ட வேல இல்லனா அவங்க நல்லா கீறாங்கனு அர்த்தம்" என்றார்.

ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. அந்த நாடு ஏன் உடைந்தது? ஒரு வருடம் வெளிநாட்டுக் கடன்தான் காரணம் என்பார். மறு வருடம் தலைவர்கள் பேச்சு என்பார். ஒருமுறை, அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் வணிகம் செய்ய வந்த டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, "இவங்க கம்பெனியும் போச்சு. ஆனா அது ஆளறதுக்கு வந்த கம்பெனி, போவட்டும். அந்த நாடு அவங்களே கட்டுன வீடு மேடம்" என்றார். கடைசியாக நான் கேட்டபோது சொன்ன பதிலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். "தெரியல. பத்து வருஷம் என் கையால ஒரே மேசைல சாப்ட்டாங்க. எந்த நாள்ல 'நீங்க', 'நாங்க'னு பேச ஆரம்பிச்சாங்கனு நான் கவனிக்கல. சமையக்கட்டுல இருந்தேன்."

மூன்றாம் நாள், அஸ்தியைக் கரைக்கப் படகில் முகத்துவாரம் போனோம். செல்வி கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் பெல்கிரேடிலிருந்து மிலன், ஸ்பிளிட்டிலிருந்து வெஸ்னா. இருவருக்கும் தலை வெளுத்திருந்தது. படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். வெஸ்னா அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். மிலன் ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார்: "அங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்கிறாள்."

படகோட்டி கழியை இறக்கிப் பார்த்தார். "இடுப்பளவுதான். கால் தரைல படும்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். மிலன் அதைத் தங்கைக்குச் சொன்னார். வெஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். செல்வி சாம்பலைத் தண்ணீரில் விட்டாள். வற்று நீரோட்டம் அதைக் கடல் பக்கம் மெல்ல இழுத்துப் போயிற்று.

போய் வாருங்கள், அண்ணா.