பதினோராவது ஆள்

அமல்ராஜ் கோயில் வாசற்படி மிதித்து ஏழு மாதமாகிறது. நாற்பது கத்தோலிக்க வீடுகள் இருக்கிற தெருவில் இது சின்னச் சங்கதியா? "சாமியே வேணாம்னுட்டானாம்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பேசினவர்கள் யாரும் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால், அவன் தன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடப்பது தெரிந்திருக்கும்.

சுருளிப்பட்டியிலிருந்து கம்பம்மெட்டு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களில் பெண்களைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவது அவன் தொழில். பதினெட்டு வருடமாக ஓட்டுகிறான். முன்பெல்லாம் பக்தியில் அவனை மிஞ்ச ஆளில்லை. மலையேறுமுன் வண்டியை நிறுத்தி, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லாமல் கியர் போடமாட்டான். இந்துப் பெண்களும் கூடவே சொல்லுவார்கள். பாதிப் பேருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன்பு, அன்று மாதத்தின் முதல் வெள்ளி. ஐந்து மணிப் பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். முந்தின நாளே பின்சக்கரத்தில் ஒரு சத்தம் கேட்டிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். காலையில் பூசைக்குத்தான் நேரம் இருந்தது. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர் ஏறியாயிற்று. கடைசியாக வந்தவள் இருதயம்மாள். "தம்பி, நான் இங்கன ஓரமா ஒண்டிக்கிறேன்" என்றாள். "ஏறுக்கா" என்றான். மூன்று செபமும் குறைவில்லாமல் சொன்னார்கள். ஏழாவது வளைவில் சக்கரம் கழன்றது. வண்டி சாய்ந்து தடுப்புச்சுவரில் மோதி நின்றுவிட்டது. ஓரத்தில் ஒண்டியிருந்தவள் மட்டும் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள்.

உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. பங்குச்சாமியார் வீடு தேடி வந்து, "பாவசங்கீர்த்தனம் செய்ய வா, ஆண்டவர் மன்னிப்பார்" என்று கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஆண்டவரு என்னைய வண்டிக்கடியில தேடியிருப்பாரு சாமி. நான் கோயில்ல இருந்தேன்" என்றான் அமல்ராஜ்.

சாமியார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுபடி வண்டி எடுத்தபோது நாலு பேர்தான் ஏறினார்கள். இப்போது பத்தும் நிரம்பிவிடுகிறது. பத்துக்கு மேல் அவன் ஏற்றுவதில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றி வைத்துவிட்டான். தினமும் ஸ்பேனரோடு படுத்து ஒவ்வொரு நட்டாக முடுக்குவான்; முடுக்கும்போது அன்றைக்கு வரப்போகிற ஒருத்தியின் பேரைச் சொல்லுவான். பாண்டியம்மாள். ராமுத்தாய். பிரேக் ஆயிலைப் பார்க்கும்போதும் அதேதான். வேறு செபம் அவன் வாயில் வருவதில்லை.

ஆசை என்று ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. இருதயம்மாளின் மகள் அனிதா மேரி தன்னோடு ஒரு வார்த்தை பேசவேண்டும். திட்டினாலும் சரி. மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள்.

திங்கட்கிழமை தூறிக்கொண்டிருந்தது. பத்துப் பேரும் ஏறிவிட்டார்கள். அனிதா மேரி அம்மாவின் தூக்குவாளியோடு வந்து நின்றாள். வேலை பார்த்த துணிக்கடையில் ஆளைக் குறைத்துவிட்டார்களாம்.

"மாமா, எடம் இருக்கா?"

ஏழு மாதமாக அவன் ஏங்கின குரல். பாண்டியம்மாள் உள்ளே நகர்ந்து, "வா ஆத்தா, ஒண்டிக்கிரலாம்" என்றாள்.

அந்த வார்த்தைதான் அவனைச் சுட்டது. "பத்தாயிருச்சும்மா" என்றான்.

"எங்கம்மாவுக்கு மட்டும் எங்கிட்டிருந்து எடம் வந்துச்சு?"

அவனால் தலை நிமிர முடியவில்லை. பின்னால் வந்த ஜீப்பில் ஏற்கெனவே பதினெட்டுப் பேர். அதன் பின்படியில் அவள் தொற்றிக்கொண்டாள். அதை முன்னே விட்டு, மலை முழுக்க அந்த ஜீப்பை ஒட்டியே அமல்ராஜ் ஓட்டினான், அதன் பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் முடுக்காத சக்கரம் அது. "அனிதா மேரி, அனிதா மேரி" என்று முணுமுணுத்தபடி அழுதான். பின்படியில் தொங்கினவள் அதைப் பார்த்தாள்.

மறுநாள் விடிகாலை ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது, பின் ஓரத்தில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாளோ. அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை உள்ளே வைத்தான். ஒவ்வொருவராக வந்து பத்தும் நிரம்பியது. அப்போது தினமும் வருகிற ஜக்கம்மா ஓடிவந்து படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"ஏலே அமலு, ஒரு ஆளுதானே. ஓரமா ஒண்டிக்கிறேன்."

அவன் வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பத்தாயிருச்சு. எறங்குங்க."

சொன்னவள் அனிதா மேரி. அவன் பக்கம் அவள் திரும்பவேயில்லை. ஜக்கம்மா காலை எடுத்தாள். அமல்ராஜ் கியரைப் போட்டான்.