இசிடோரின் வயிறு

சட்டைக்குள் கையை விட்டு, வயிற்றிலிருந்து ஒரு திருப்புளியை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார் இசிடோர் மானுவேல். "ம்ஹூம், இன்னும் பதமாகல" என்று திரும்ப உள்ளேயே செருகிக்கொள்கிறார். பிறகு டீயை எடுத்து நிதானமாக உறிஞ்சுகிறார். வெளியே யாராவது நேரமாகிவிட்டது என்று கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். அது அவர் காதில் விழாது.

மைனஸ் நாற்பதில் வெறும் இரும்பைத் தொட்டால் விரல் தோல் இரும்போடு போய்விடும். கையுறை போட்டுக்கொண்டாலோ சின்ன ஆணி எதுவும் பிடிபடாது. அதனால் அன்றைய வேலைக்கு வேண்டிய கருவிகளை வந்ததும் வராததுமாக அடிவயிற்றில் கட்டிய மூஸ் மான் தோல் பையில் போட்டு அடைகாப்பது அவர் வழக்கம். அதன் மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் பஞ்சு வைத்த முழு உடுப்பு, அதற்கும் மேல் முழங்கால் வரை கோட்டு. வடகோடிப் பனிப் பிரதேசத்தில், நார்மன் வெல்ஸ் ஊரில் மூன்றே மூன்று விமானங்களை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் ஒரு கம்பெனிக்குத் தலைமை மெக்கானிக் அவர். குளிர்காலம் முழுக்க நிறைமாதமாகவே நடமாடுவார்.

"எத்தனாவது மாசம் மாப்ளே?" என்று கேட்காமல் அவருடைய மச்சான் டால்ஃபஸ் ஒரு நாளும் விமானக் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை.

"உன் தங்கச்சியைப் போய்க் கேளு. கணக்கெல்லாம் அவகிட்டதான்" என்பார் இசிடோர்.

அந்தத் தங்கச்சி செசீலின் குறை வேறு. "இந்த ஆளைக் கட்டின நாள்லேருந்து என் வீட்டுப் படுக்கை விரிப்பு வெள்ளையா இருந்ததே இல்ல. ஊருக்கெல்லாம் புருஷன் வாசனை, எனக்கு மட்டும் கிரீஸ் வாசனை" என்று மாதா கோயில் வாசலிலேயே சொல்லுவாள். ஆனாலும் இந்தக் குளிர்காலம் அவர் முதுகுவலி என்று முனக ஆரம்பித்ததும், அகலமான இடுப்புப் பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதைத் தோல் பைக்கு மேலேயே இறுக்கிச் சுற்றிக்கொண்டார் இசிடோர்.

விமானம் சரியாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. முழுக்கச் சோதித்து, இறக்கையைத் தட்டிக் கொடுத்து, "இன்னிக்கு விழாது" என்பார். அதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு. அதையும் பயணிகள் ஏறும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்லுவார். தெற்கேயிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு முகம் வெளுத்துவிடும். ஊர்க்காரர்கள் அது காதில் விழாமல் ஏற மாட்டார்கள்.

அவருடைய அரசாங்கம், கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும் பலகைதான். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் ஓர் இடம். அந்த இடத்தில் கருவியின் உருவத்தைச் சிவப்புச் சாயத்தில் வரைந்து வைத்திருக்கிறார். கருவி தொங்கினால் சிவப்பு மறைந்திருக்கும், இல்லாவிட்டால் பளிச்சென்று தெரியும். சிவப்பு தெரிகிறவரை எந்த விமானமும் நகரக் கூடாது. தொலைந்த கருவி இன்ஜினுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்பதை அவர் யாருக்கும் விளக்கமாட்டார். "சிவப்பு தெரியுது" என்பார், அவ்வளவுதான்.

ஒரு முறை பிஷப்பே ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு இன்ஜின் சந்துகளைப் பார்க்கும் கைக்கண்ணாடி ஒன்றைக் காணவில்லை. "கடவுள் பார்த்துக்குவார் மகனே, கிளம்பலாமே" என்றார் பிஷப்.

"அவர் பார்த்துக்குவார் ஃபாதர். அவர் கண்ணாடி அவர்கிட்ட பத்திரமா இருக்கு. என் கண்ணாடியைத்தான் காணோம்" என்றார் இசிடோர்.

பிஷப் இறங்கி டீ குடித்தார். கண்ணாடி கடைசியில் இன்ஜின் மூடிக்குள் கம்பிகளுக்கு நடுவில் அகப்பட்டது. அதற்குப் பிறகு பலகையை எதிர்த்துப் பேச ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. இசிடோருக்கும் அன்றிலிருந்து கோயில் பக்கம் போக வேண்டிய அவசியம் தோன்றவில்லை.

மற்றவர்கள் தப்பு செய்தால் மனிதர் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வெர்னா அவருடைய அண்ணன் மகள். தங்கமான பெண். போன குளிர்காலம் டார்ச் ஒன்றை அடுப்பு மேல் மறந்துவைத்துவிட்டாள். 'வெர்னா தொலைத்த டார்ச்' என்று அட்டையில் எழுதி, பலகையில் டார்ச்சுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடும்வரை அது தொங்கியது. தபால் வாங்க வந்தவர்கூட நின்று படித்துவிட்டுப் போனார். வெர்னா அதை மறக்கவில்லை.

இவ்வளவு கெடுபிடியான மனிதர், 'கை விளையாட்டு' என்ற குழு ஆட்டத்தில் மட்டும் ஊருக்கே பாரம். வரிசையாக முழங்காலிட்டு, போர்வைக்கடியில் காயை ஒரு கைக்குள் மறைத்துக்கொண்டு, மேளத்துக்கு ஏற்ப ஆட வேண்டும். எதிர்க் கட்சித் தலைவன் முகத்தைப் படித்து, எந்தக் கை என்று சைகையில் சுட்டுவான். சுட்டப்பட்டவன் கையைத் திறந்தே ஆக வேண்டும். இசிடோரைப் படிக்க முகம்கூட வேண்டாம். உள்ளங்கையில் காய் வந்த மறு நிமிஷம், கூரை இடிந்து விழப்போகிறதா என்று பார்ப்பதுபோல அண்ணாந்துவிடுவார். "இவன் சுத்த வெளிச்சம் போட்ட வீடு, வெளியிலேருந்தே எல்லாம் தெரியும்" என்று சொல்லி டால்ஃபஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினான். டால்ஃபஸ் குழுத் தலைவன். ஆற்றங்கரையில் அவனைவிடக் கெட்டிக்காரச் சுட்டுக்காரன் கிடையாது.

இந்த ஜனவரியில் அந்தக் குழுதான் கிழக்கே ஏரிக்கரைக் கிராமத்துப் போட்டிக்குக் கிளம்பி நின்றது. போன வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியதிலிருந்து டால்ஃபஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று செசீல் சொல்லுவாள். அந்தக் கிராமத்தில் ஓடுதளம் ஏரிப் பனிமேல்தான், விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். அன்று சாயங்காலம் யார் யாரோடு மோதுவது என்று சீட்டு எடுக்கிறபோது இல்லாத குழுவுக்கு ஆட்டமும் இல்லை. மேளம், படுக்கைப் பை, உலர்ந்த மூஸ் கறி சகிதம் எல்லாரும் விமானத்தின் பக்கத்தில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

இசிடோர் இடது இன்ஜினின் மரைகள் கழலாதபடி கம்பி முறுக்கிக் கட்டிவிட்டு, கடைசியாகப் பலகையைப் பார்க்கப் போனார். கம்பி முறுக்கும் குறட்டின் இடம் சிவப்பாக இருந்தது.

"சிவப்பு தெரியுது" என்றார் வெளியே வந்து.

"ஐயையோ" என்றான் விமானி ஷெல்டன். "இசிடோர், வெளிச்சம் போயிட்டிருக்கு. கொஞ்சம் யோசிங்க."

"பாக்கெட்டைக் காட்டு."

ஷெல்டனின் பாக்கெட், வெர்னாவின் பாக்கெட், எண்ணெய் ஊற்றியவனின் பாக்கெட், ஏறாமல் நின்ற பயணிகளின் பாக்கெட் எல்லாம் வெளியே வந்தன. முதலாளி ஓடிவந்து, "புதுசா வாங்கித் தர்றேன்யா, ஆளை விடு" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். புதுக் குறடு வந்தால் பழைய குறடு இன்ஜினுக்குள் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டார் இசிடோர்.

"சித்தப்பா, உங்க வயித்துல பாத்தீங்களா?" என்றாள் வெர்னா.

"என் வயித்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று தோல் பையைத் தட்டிக் காட்டினார். பை காலிதான். "மூடியைக் கழட்டு."

இன்ஜின் மூடி மறுபடி இறங்கியது. கட்டிய கம்பிகள் அறுபட்டன. சக்கரத்துக்குப் பதில் பூட்டியிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளுக்கடியில் ஷெல்டன் குப்புறப் படுத்துத் தேடினான். டால்ஃபஸின் ஆட்கள் பனியை உள்ளங்கையால் சலித்தார்கள். மூஸ் கறிப் பெட்டியைக்கூடக் கொட்டிப் பார்த்தாயிற்று. கையுறையோடு துழாவ முடியாத சந்துகளில் வெர்னா வெறும் விரலை விட்டுத் துழாவினாள்.

விமானத்தின் அடிவயிற்றைப் பார்க்க இசிடோரும் குனிந்தார். இடுப்பின் பின்பக்கம் ஏதோ கவ்வியது. முதுகுவலி முற்றிவிட்டது என்று நினைத்தார். செசீலையும் அவள் பட்டையையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் குனிந்தார். மறுபடி அதே இடத்தில் கவ்வியது. முதுகுவலிக்குப் பல் கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கம்பி கட்டியதும் பழக்க தோஷத்தில் அவர் செருகிக்கொண்ட குறடு, தோல் பையிலிருந்து நழுவி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் ஊர்ந்து, பின்னால் போய்ச் சொகுசாகப் படுத்திருந்தது. உடம்புச் சூட்டிலேயே இருந்ததால் இருப்பதே தெரியவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வால் பக்கமும் பாருங்க!" என்று முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார். அட்டை கட்டித் தொங்கவிட்ட மனிதருக்குத் தன் பெயர் அதே பலகையில் தொங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. யாரும் பார்க்காதபோது உருவி இன்ஜினுக்குள் போட்டுவிட்டால் போதும், பிஷப் நாளின் மரியாதை திரும்ப ஒரு முறை கிடைக்கும். ஆனால் கடைசியாக மூடியை மாட்டியவள் வெர்னா, பழி அவள் தலையில் விழும். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டார். அதற்குப் பதில், வால் பக்கம் ஒதுங்கிக் கையை உள்ளே நுழைத்துப் பார்த்தார். கோட்டு, முழு உடுப்பு, சட்டை, பட்டை எல்லாவற்றையும் தாண்டிக் கை எட்டவில்லை. குறட்டை எடுக்க வேண்டுமென்றால் நடு ஓடுதளத்தில் உரிந்து நிற்க வேண்டும்.

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். "காத்து மாறுது போலிருக்கே" என்றார்.

வானத்தில் காற்றே இல்லை. டால்ஃபஸ் பனியைச் சலிப்பதை நிறுத்தினான். தன் மாப்பிள்ளையை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரு தரம் பார்த்தான்.

"டேய், மேளத்தை எடுங்கடா" என்றான் தன் ஆட்களிடம். "நிக்கிற நேரத்துல ஒரு ஆட்டம் போடுவோம். குளிருக்காவது ஆகும்."

மேளம் எழும்பியது, பாட்டும் கூடவே. டால்ஃபஸ் முழங்காலை மடக்கி, தோளை ஆட்டிக்கொண்டு, இசிடோருக்கு நேர் எதிரே வந்து நின்றான். இசிடோர் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டால்ஃபஸ் இரண்டு கையுறைகளையும் ஓங்கித் தட்டி, வலது கையை நீட்டி இசிடோரின் இடுப்பைச் சுட்டினான். பிறகு கட்டைவிரலை மெல்லப் பின்பக்கமாகத் திருப்பினான்.

எல்லாரும் விளையாட்டு என்றுதான் சிரித்தார்கள். சிரித்துக் கடந்துவிட இசிடோருக்கும் வழி இருந்தது. அப்போது வெர்னா இன்ஜினிலிருந்து கையை வெளியே எடுத்தாள். மூன்று விரல்களின் நுனி மெழுகாக வெளுத்திருந்தது. அவள் அதை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு, "இன்னும் அந்த மூலை மட்டும் பாக்கி சித்தப்பா, இருங்க" என்றாள். இசிடோருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் எந்தக் குளிரும் அவரை அப்படிச் சுட்டதில்லை.

கோட்டைக் கழற்றிப் பனிமேல் போட்டார். உடுப்பின் ஜிப்பை இடுப்புவரை இறக்கினார். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. மைனஸ் நாற்பதில், கம்பெனி முதலாளியிலிருந்து கறிப் பெட்டிக்காரன்வரை பார்த்துக்கொண்டிருக்க, தலைமை மெக்கானிக் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"வெர்னா, எடு" என்றார்.

வெர்னா சட்டையைத் தூக்கி, பட்டையைத் தளர்த்திக் குறட்டை உருவினாள். உருவியவள் அதைக் கொடுக்கவில்லை. வெளுத்த விரல்களை அதைச் சுற்றி மடக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சூடா இருக்கு சித்தப்பா" என்றாள்.

"நீயே வெச்சிரு. விரல் சிவக்கட்டும்."

"மாப்ளே, சுகப்பிரசவம்!" என்று கத்தினான் டால்ஃபஸ். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் ஓடுதளத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. இசிடோர் கோட்டை மாட்டிக்கொண்டு, வெர்னாவின் விரல் சிவந்ததும் அதே குறட்டை வாங்கி, அறுத்த இடத்திலெல்லாம் புதுக் கம்பி முறுக்கிக் கட்டினார். கட்டி முடித்து இறக்கையைத் தட்டினார். "இன்னிக்கு விழாது" என்றார். யாரும் சிரிக்காமல் ஏறிக்கொண்டார்கள்.

விமானம் கடைசி வெளிச்சத்தில் ஏரியில் இறங்கியது. டால்ஃபஸின் குழு சீட்டும் எடுத்து, முதல் ஆட்டத்திலேயே தோற்றும் திரும்பியது. எதிரிகளில் ஒருவன்கூட வானத்தைப் பார்க்கவில்லை என்பது டால்ஃபஸின் குறை.

பலகையில் குறட்டுக்குக் கீழே இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. கொட்டை எழுத்தில் எழுதியவள் வெர்னா. இன்னும் பெரிதாக எழுதச் சொன்னவர் இசிடோர். அவர் எதிரில் யாரும் அதைப் படிப்பதில்லை, அவர் வெளியே போனதும் படிக்கிறார்கள்.

கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பாதிரியார் போன வாரம் விமானத்தில் உட்கார்ந்திருந்தார். 'பக்தியில்லாதவர்' என்று தன்னிடம் கோள் சொல்லப்பட்ட மெக்கானிக், பலகையை விட்டு வந்து, விமானத்தின் முன் கண் மூடி நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இசிடோர் வலது கையை மார்பில் வைத்தார், பிறகு வயிற்றில், பிறகு இடது விலாவில், பிறகு வலது விலாவில். பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் பயபக்தியோடு நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் இசிடோர் கோட்டைத் தூக்கி, முதுகுப் பக்கத்தையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டார்.