காய்ச்சல்காரனின் வாத்துகள்

என் வீட்டு மாடியில், ஏசி போட்ட அறையில், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். என் மில்லில் மூட்டை தூக்குகிறவன் என்றாலாவது பரவாயில்லை. பக்கத்து மில்லுக்கு வந்தவன். லாரியிலிருந்து விழுந்தான், அவன் முதலாளி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கைகழுவிவிட்டார், நான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவனுக்குச் சோறு இறங்காது, சப்பாத்திதான் வேண்டும். நாள் முழுக்கப் போனில் பாட்டு. "ஏன் மாமா, இந்த ஊருல நம்மள விட்டா வேற ஆளே இல்லையா?" என்று மருமகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மூன்று நெல் மில், இரண்டு அறுவடை மெஷின், மன்னார்குடி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். அஞ்சாம் கிளாசோடு நின்றவன் சம்பாதித்தது இவ்வளவும். டிகிரி படித்தவர்கள் என் முன்னால் நின்றுகொண்டு பேசுகிறார்கள். ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று சொல்லி என் தலையில் கட்டியவன் இந்த டெல்டாவில் இன்னும் பிறக்கவில்லை. இப்படிப்பட்ட நான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாளி மாதிரி நடந்துகொள்வதற்கு எங்கம்மாதான் காரணம். அந்த வாத்து விவகாரத்தைச் சொன்னால்தான் அது விளங்கும்.

எங்கம்மாவோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆண்டவர் அவளிடம் அடிக்கடி பேசுவார். பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பேசியதில் ஒன்றாவது எங்களுக்கு ஆதாயமாக இருந்திருக்க வேண்டுமே! 'உன் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடு' என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. தெருக்கோடியில் இருமிக்கொண்டு கிடக்கும் கிழவிக்குக் கஞ்சி கொண்டு போ என்பார். நேற்று குழாயடியில் அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசியவள் வீட்டில் பிரசவத்துக்கு ஆளில்லை, ஓடு என்பார். அம்மாவும் ஓடுவாள். வீட்டில் அடுப்பு அணைந்து கிடக்கும்.

"ஆண்டவரு இவ காதுல மட்டும்தான் வந்து பேசுறாரு. நமக்கெல்லாம் ஒரு தந்திகூட அடிக்க மாட்டேங்குறாரு" என்பார் அப்பா.

"கேக்குற காதுக்குத்தானே சொல்லுவாரு" என்பாள் அம்மா.

நான் அஞ்சாவது படித்த வருஷம், காலாண்டுப் பரீட்சை லீவு. குறுவை அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாக நின்றது. அறுப்பு முடிந்தால் எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வயலில் முதலில் வந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் குவிப்பார்கள். நெல், பூசணி, வாழைத்தார், கட்டுக் கட்டாகக் கீரை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எனக்கு ஏலத்தில் அக்கறை இல்லை. அந்த வருஷம் பிள்ளைகளுக்கு வேதப்பகுதி மனப்பாடப் போட்டி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த சபைக்காரர் ஒருவர் அதற்குப் பரிசு கொடுத்திருந்தார். மூணு பேட்டரி டார்ச் லைட்டு. பளபளவென்று வெள்ளிமாதிரி மின்னும். கோயிலை நடத்திவந்த உபதேசியார் அதை ஒரு சாயங்காலம் அடித்துக் காட்டினார். வெளிச்சம் தென்னை மட்டையில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கே அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன்.

நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொண்டேன். ஒருவன் எரிகோ என்ற ஊருக்குப் போகிறான். கள்ளர் அவனை அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிடுகிறார்கள். பூசை செய்யும் ஆசாரியன் விலகிப் போகிறான், கோயில் ஊழியனான லேவியனும் விலகிப் போகிறான், கடைசியில் யாரும் மதிக்காத சமாரியன் வந்து தன் கழுதையில் ஏற்றிக்கொண்டு போகிறான். எனக்குப் போட்டி உபதேசியாரின் மகன் ஒருவன்தான். அவன் எதைச் சொன்னாலும் பாதியில் திக்கி நிற்பான். எனக்கோ ஒருதடவை கேட்டால் போதும். இன்றைக்கும் அப்படித்தான், மில்லுக்கு வரும் லாரி நம்பர் ஒன்றுகூட எனக்கு மறக்காது.

இந்த நேரம் பார்த்தா ஆண்டவர் பேச வேண்டும்? அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய, தூர ஊர்களிலிருந்து வாத்து ஓட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வயலிலேயே வலைகட்டிப் பட்டி போட்டுத் தங்குவார்கள். அப்படி வந்தவர்களில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிக்காரன் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அண்ணன்காரன் காய்ச்சலில் வாய்க்கால் கரையில் சுருண்டு விழுந்து கிடந்தான். எத்தனையோ பேர் பார்த்துவிட்டுக் குடிகாரன் என்று போய்விட்டார்கள். நாற்றங்கால் வேலையிலிருந்து திரும்பிய எங்கம்மா அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். முடிந்தது கதை.

அம்மாவும் கூட வேலைக்குப் போன பெண்களுமாக அவனைக் காலியாகக் கிடந்த எங்கள் மாட்டுக்கொட்டகையில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். பின்னாலேயே வாத்துகளும் வந்தன. நானூற்றுக்குக் குறையாது. தெருவே அடைத்துக்கொண்டு நின்றது.

"ஆளைத் தூக்கியாந்தே, சரி. இத்தனை வாத்தையும் எங்கடி வச்சுக்கிறது?" என்றார் அப்பா.

"ஆள் வேற, வாத்து வேறயா? அத்தனையும் முதலாளி வாத்தாம். அது போச்சுன்னா இவன் பொழைச்சு எழுந்து என்ன பண்ணுவான்?"

"எரிகோ ரோட்டுல விழுந்து கெடந்தவன்கிட்ட வாத்து இல்லடி. போதாததுக்கு அந்தச் சமாரியன்கிட்ட ஒரு கழுதை இருந்துச்சு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நம்ம புள்ளை இருக்கான்ல" என்றாள்.

இப்படித்தான் நான் வாத்து மேய்க்கப் போனேன். வாத்து மேய்த்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆடு என்றால் ஒரு கல்லை விட்டெறிந்தால் திரும்பும். வாத்துக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. ஒன்று வாய்க்காலில் இறங்கினால் நானூறும் இறங்கும். பக்கத்திலேயே அடுத்த போகமான தாளடிக்கு விட்டிருந்த நாற்றங்கால்கள் பச்சைப் பாய் மாதிரிக் கிடந்தன. அதில் வாத்து இறங்கிவிட்டால் நாற்றுக்காரன் என்னையும் சேர்த்துத்தான் மிதிப்பான். முதல் நாள் ஓடி ஓடி எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் போட்ட சத்தத்தை ஒரு வாத்தும் சட்டை செய்யவில்லை.

சாயங்காலம் கொட்டகையில் கிடந்தவனிடம் போய்க் கத்தினேன். கண்ணைத் திறக்காமலே அவன் சொன்னான்: "தம்பி, அதுங்க ஆளப் பாக்காது, சத்தத்தத்தான் பாக்கும். இன்னா சத்தம்னு இல்ல. எதுனா ஒண்ண வச்சிக்கினு அதையே போட்டுக்கினு இரு. அந்தியில தீனி போடுறப்பவும் அதே சத்தம் போடு. அப்பால பாரு."

எனக்குத் தெரிந்த ஒரே சத்தம் மனப்பாடப் பகுதிதான். மறுநாளிலிருந்து ஒரு கல்லில் இரண்டு மாங்காய். எரிகோவுக்குப் போகிற மனுஷனை வயல்வெளி முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே மேய்த்தேன். அந்தியில் அதையே சொல்லிக்கொண்டு, மணி பிடிக்காத கருக்காய் நெல்லை வாரி இறைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலைந்து நாளில் நான் முதல் வரியை எடுத்தால் போதும், நானூறு தலையும் ஒன்றாக நிமிரும். அந்த வயதிலேயே ஆட்களைக் கட்டி மேய்க்கும் சாமர்த்தியம் எனக்கு வந்துவிட்டது என்று வையுங்கள்.

வீட்டிலோ அம்மா அவனுக்குக் கஞ்சி ஊற்றுவதும், வாந்தியைக் கழுவுவதும், இரவல் மாட்டுவண்டியில் போட்டுத் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு வருவதுமாக இருந்தாள். அவன் தலைமாட்டில் ஒரு அம்மன் படத்தைச் சொருகி வைத்திருந்தான். அம்மா ஜெபம் பண்ணும்போது அவன் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிடுவான். உபதேசியார் ஒருநாள் வந்து அதைப் பார்த்தார்.

"பண்டிகை அன்னிக்கு இவனைக் கோயிலுக்குக் கூட்டியாந்து முன்னால நிறுத்தும்மா. சபை ஜெபம் பண்ணட்டும். ஒரு ஆத்துமா கிடைச்ச மாதிரி இருக்கும்."

"காய்ச்சல்காரனைக் கூட்டத்துல நிறுத்துறதாங்கய்யா? அவனைக் காப்பாத்துன்னுதான் ஆண்டவரு எனக்குச் சொன்னாரு. காட்டுன்னு சொல்லலீங்க."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவன் ஞானஸ்நானமாவது வாங்குவான், ஊரில் ஒரு பேராவது கிடைக்கும் என்று அவர் நினைத்திருந்தார். அதுவும் போயிற்று.

பண்டிகை ஞாயிறும் வந்தது. அவன் அன்றும் எழவில்லை. பாயில் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். அம்மாவுக்கே முகம் வாடிவிட்டது. நான் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"வாத்து?" என்றாள் அம்மா.

"இன்னிக்கு ஒருநாள் அப்பா பாத்துக்கட்டும்."

"அப்பா காணிக்கை நெல்லு மூட்டையத் தூக்கிட்டு வரணும். வாத்த விட்டுட்டு நீ எங்கயும் போகக்கூடாது. அதுங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னா பசிக்காதா?"

அழுதேன், உருண்டேன், சோற்றுத் தட்டைத் தள்ளினேன். அவள் அசையவில்லை. பத்து நாளாகத் தொண்டை கிழியச் சொன்ன பாடத்தை ஊரார் முன்னால் சொல்லக்கூடாதாம், வாத்துக்குச் சொல்லலாமாம்! என்ன நியாயம் இது? இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. வாத்தை விட்டுவிட்டுத்தானே போகக்கூடாது? வாத்தோடு போகலாமே! கோயிலுக்குப் பின்னாலேயே அறுத்த வயல். வாத்தை அங்கே ஓட்டிவிட்டு, என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, டார்ச் லைட்டோடு திரும்பிவிடலாம். அப்போதே எனக்கு அப்படி மூளை.

எல்லாம் நினைத்தபடி நடந்தது. மைக்கில் என் பெயர் வந்தது. காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, வாத்து எங்கே என்று கண்ணாலேயே கேட்டாள். நான் பார்க்காததுபோல் மைக் முன்னால் நின்றேன். வெளியே தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

எரிகோவுக்குப் போன மனுஷன் அடிபட்டு விழுந்தான். ஆசாரியன் விலகிப் போனான். ஒரு திக்கல் இல்லை. சிங்கப்பூர்க்காரர் தலையை ஆட்டினார். லேவியனும் விலகிப் போனான். அப்போது வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் நடுப்பாதையில் வரிசையாக, பண்டிகைக்கு வருகிற சபையார் மாதிரி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தன. ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டு வாத்துகள் வந்துவிட்டன. கருக்காய்க்கு வந்த இடத்தில் மூட்டை மூட்டையாக நல்ல நெல்லே குவிந்து கிடந்தால் கேட்கவா வேண்டும்? காணிக்கை மேல் விழுந்தன. கீரைக்கட்டைக் குதறின. ஆர்மோனியத்தின் மேல் ஒன்று ஏறியது. பெண்கள் அலறிக்கொண்டு பெஞ்சில் ஏற, உபதேசியார் மைக்கைப் பிடுங்கி, "கதவ அடைங்க! கதவ அடைங்க!" என்று கத்தினார். அடைத்தார்கள். உள்ளே வந்ததெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

எங்கம்மா மட்டும் பதறவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "கூப்புடுடா" என்றாள்.

நான் என்ன செய்ய? முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். எரிகோ மனுஷன் எத்தனை தடவை புறப்பட்டானோ, எனக்கே தெரியாது. கோயிலிலிருந்து வாய்க்கால்வரை நானூறும் என் பின்னால் வந்தன. ஊர் முழுக்கச் சிரிப்பு. உபதேசியாரின் மகன் அன்றைக்கும் பாதியில் திக்கினானாம். டார்ச் லைட்டு அவனுக்குத்தான்.

மதியம் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இடுப்புவரை சேறு, பண்டிகைச் சட்டை போன இடம் தெரியவில்லை. அம்மா தூக்குச்சட்டியில் கறிச்சோறு கொண்டுவந்தாள். அவ்வளவு நேரமும் கோயிலைக் கழுவியிருக்கிறாள், முந்தானையெல்லாம் ஈரம். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போயி அவன்கிட்டச் சொன்னேன்டா, கோயிலுக்கு வாத்து வந்த கதைய. சிரிச்சுட்டான்! எழுந்து உக்காந்து சிரிக்கிறான். ரெண்டாந்தடவையும் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே டார்ச் லைட்டு போய்விட்டது. இவள் என்னவோ அது கிடைத்தமாதிரி முகம் மலர, எவனோ கஞ்சி குடித்ததைச் சொல்கிறாள்.

"எல்லாம் உன்னாலதான்" என்று கத்தினேன்.

"சரிடா, என்னாலதான். எதுவரைக்கும் சொன்னே?"

"லேவியன் போற வரைக்கும். சமாரியன் வரவே இல்ல. அதுக்குள்ள வாத்து வந்துடுச்சு."

அம்மா வாத்துகளைப் பார்த்தாள். என் சேற்றுக் காலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"வந்துட்டான்டா" என்றாள்.

"யாரு?"

அவள் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டி முடித்துவிட்டு, வெறும் சட்டியோடு எழுந்து போய்விட்டாள். வாத்துக்காரன்தான் குணமாகி வருகிறானாக்கும், இந்தச் சனியன் தொலைந்தது என்று, நான் வெகுநேரம் இரண்டு பக்கமும் வரப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரப்பில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.