கெங்கம்மாளின் முதுகு

எத்திராஜுக்கு முகங்கள் அலுத்துப்போயிருந்தன. அம்பத்தூரில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பகலெல்லாம் வண்டிகளில் பெயின்டால் பெயரும் எண்ணும் எழுதுவார். மாலையில் கோவில்பதாகை வீட்டில் இறந்தவர்களை வரைவார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்கள் வருவார்கள். கல்யாண போட்டோவில் கூட்டத்துக்குள் கடுகளவு தெரியும் ஒரு தலையைக் காட்டி, பதினாறாம் நாளுக்குள் பெரிதாக வேண்டும் என்பார்கள். அந்தப் பக்கத்தில் வரைந்து சட்டம் போட்டு மாட்டும் முகம் என்றாலே செத்தவர் முகம்தான். எத்திராஜின் கை பிசகாத கை. அந்தப் படங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லும்படியானது ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. அவருடைய அம்மா கெங்கம்மாள் பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே நாற்று நட்டவள். வயல்கள் மனையான பின் அதே இடத்தில் கட்டட வேலைக்கு மண் சுமந்தாள். குனிந்து சட்டியில் மண் அள்ளும் அந்த முதுகை அவர் ஏழு வருடம் வரைந்தார். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் முகம் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முதுகுக்கு அது தெரியாது என்பது அவர் எண்ணம். கூலிக்குப் போடும் முகம் தன் ஓவியத்துக்குள் வரக்கூடாது என்றும் வைத்திருந்தார்.

1988 தை மாதம், நகரத்தில் புதிய ஓவியர்களுக்கென்று நடந்த கண்காட்சியில் அந்த முதுகுகளில் மூன்று இடம்பெற்றன. ஒரு பத்திரிகை நான்கு வரி எழுதியது. எத்திராஜ் அம்மாவையும் தங்கை புஷ்பாவையும் ரயிலில் அழைத்துப்போனார். கெங்கம்மாள் தன் முதுகை முதல்முறையாகப் பார்த்தாள். ரவிக்கைக் கிழிசலில் தான் போட்ட ஒட்டுத் தையலை அடையாளம் கண்டுகொண்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் கீது. ஊர்ல செத்தவன் மூஞ்சியெல்லாம் போடுறே. என் மூஞ்சிய எப்போடா போடுவே?"

"அதுக்கு நீ மொதல்ல சாவணும்மா," என்றார் எத்திராஜ். மூவரும் சிரித்தார்கள்.

சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தவள் நான்காம் நாள் போய்விட்டாள்.

உறவுக்காரர்கள் படம் எப்போது தயாராகும் என்று மட்டும்தான் கேட்டார்கள். ஊருக்கே வரைகிறவன் வீட்டில் வேறென்ன கேள்வி? ஆனால் கெங்கம்மாளின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. புஷ்பாவின் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோதும் அடுப்படியிலேயே இருந்துவிட்டவள் அவள்.

எத்திராஜ் நினைவிலிருந்து வரைய உட்கார்ந்தார். அவள் சிரித்தது இருந்தது, திட்டியது இருந்தது. மூக்கு எங்கே முடிந்து உதடு எங்கே தொடங்கியது என்பது இல்லை. அன்றாடம் எதிரே இருக்கும் முகத்தை நாம் பார்ப்பதில்லை போலும். அது அங்கே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். பதினொரு தாளைக் கிழித்தார். முதுகை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே போட முடிந்தது.

பதின்மூன்றாம் நாள் பெரியப்பா வீராசாமி ஒரு வழி சொன்னார். புஷ்பா அம்மாவை உரித்து வைத்தவள், அவளைப் பார்த்து வயதைக் கூட்டிப் போடு என்றார். உயிரோடு இருக்கிறவள் முகத்துக்கா மாலை போடுவீர்கள் என்று புஷ்பாவின் மாமியார் சண்டைக்கு நின்றாள். புஷ்பா ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நாள் அப்படியே இருந்தாள். எத்திராஜ் அவள் நெற்றியில் கோடு இழுத்தார், கன்னத்தைக் குழித்தார், காதோரம் நரையை ஏற்றினார்.

பதினாறாம் நாள் படத்துக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். பெண்கள் அழுதார்கள். "அப்டியே கெங்கம்மாதான்," என்று வீராசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் புஷ்பா மட்டும் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எத்திராஜ் பக்கத்தில் போய், அம்மா மாதிரி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இல்லையென்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

அவள் படத்தின் காதோர நரையை விரலால் தொட்டாள்.

"வயசானா நான் எப்டி இருப்பேன்னு தெரிஞ்சிகினேண்ணா," என்றாள்.